பழைய பிஸ்டலைப் பளபளப்பாக்காதீர்கள்! – வாசகர் கேள்வி பதில்

மௌசர் பிஸ்டலைப் பற்றிப் போன மாதம் ஒரே ஒரு பக்கம்தான் எழுதினேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. 1890-க்கும் 1914-க்கும் இடையில் பிறந்த முதல் தலைமுறை செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல்கள் என்றால் எனக்குப் பெரும் பிரியம். வேலைக்காக ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் இருந்த ஆறு வருடமும், விடுமுறை கிடைத்தால் அருங்காட்சியகம், இல்லையென்றால் எங்கள் தெருவில் இருந்த வயதான சேகரிப்பாளர் ஒருவரின் வீடு என்றுதான் போனது. வந்த கேள்விகளில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை வைத்துப் பதில் சொல்லக்கூடியவற்றை எடுத்துக்கொண்டேன்.

ரிவால்வர், பிஸ்டல், ஆட்டோமேட்டிக், செமி ஆட்டோமேட்டிக்... எல்லாம் ஒன்றுதானே? (வாசகர், விருதுநகர்)

ஒன்று இல்லை. ரிவால்வரில் தோட்டாக்கள் சுழலும் உருளைக்குள் இருக்கும், அதைச் சுழற்றுவது உங்கள் விரலின் பலம். செமி ஆட்டோமேட்டிக்கில் சுட்டதும் வரும் பின்னுதைப்பே காலிக் கூட்டை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவை ஏற்றி, சுத்தியலையும் பின்னுக்கு இழுத்து வைத்துவிடும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் விசையை அழுத்தினால்தான் சுடும், அதனால்தான் 'செமி'. அந்தக் காலத்தில் எல்லாரும் சும்மா 'ஆட்டோமேட்டிக்' என்றே சொன்னார்கள், பழைய விளம்பரங்களிலும் அப்படித்தான் இருக்கும்.

இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ஒன்றும் உண்டு: வெப்லி-ஃபாஸ்பெரி. ஜார்ஜ் ஃபாஸ்பெரி 1863-இல் இந்தியாவின் வடமேற்கு எல்லைச் சண்டையில் விக்டோரியா கிராஸ் வாங்கிய அதிகாரி. அவர் செய்தது தானாகச் சுழலும் ரிவால்வர். உருளையின் மேல் கோலம் போட்டதுபோல வளைந்து வளைந்து போகும் பள்ளங்கள் இருக்கும். சுடும்போது மேல்பாகம் முழுக்கப் பின்னால் நகர, அடியில் நிற்கும் முளை அந்தப் பள்ளத்தில் ஓடி உருளையைத் திருப்பும். 1901-இல் சந்தைக்கு வந்தது. ஒரு அரிய பிஸ்டலைத் தேடிப் போகிறவர்கள் பலரும் கடைசியில் இதிலும் ஒன்றை வாங்கி வைத்திருப்பார்கள்.

எல்லாம் ஏன் 1890-களிலேயே வந்தன? அதற்கு முன் யாருக்கும் இந்த யோசனை வரவில்லையா? (கல்லூரி மாணவர், திருச்சி)

யோசனை வந்திருக்கும் தம்பி, வெடிமருந்துதான் விடவில்லை. பழைய கரிமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் கரியும் சாம்பலுமாக மிஞ்சும். பத்து முறை சுட்டால் குழலுக்குள் அடுப்புப் புகைபோல அப்பிக்கொள்ளும். பீரங்கிக்கோ ரிவால்வருக்கோ அது தொல்லை மட்டும்தான். மெல்லிய இடைவெளியில் சறுக்கி ஓடவேண்டிய சிறிய எஃகுத் துண்டுகளுக்கு அது சாவு. 1884-இல் பிரான்சில் பால் வியேல் புகையில்லா வெடிமருந்தைக் கண்டுபிடித்தார், 1886-இல் லெபெல் ரைஃபிள் அதை வைத்து வந்தது. அதே சமயத்தில், சுட்டவுடன் துப்பாக்கி தோளை உதைக்கிறதே, அந்த உதையை வீணாக்காமல் வேலை வாங்கலாம் என்று இயந்திரத் துப்பாக்கியில் ஹைரம் மாக்சிம் செய்து காட்டிவிட்டார். சுத்தமாக எரியும் மருந்தும் கிடைத்தது, பின்னுதைப்பை வேலை வாங்கும் வழியும் தெரிந்தது. அப்புறம் பத்தே வருடத்தில் ஆஸ்திரியா, ஜெர்மனி, பெல்ஜியம், இங்கிலாந்து, அமெரிக்கா என்று ஆளாளுக்கு ஒரு வழியில் இறங்கிவிட்டார்கள்.

எனக்கு இந்தக் காலகட்டம் பிடிப்பதற்குக் காரணமே இதுதான். ஒரு பிஸ்டல் எப்படி இருக்கவேண்டும் என்று யாருக்கும் அப்போது தெரியாது. தோட்டாக்களை அடுக்கும் மேகசின் பிடிக்குள் இருக்கவேண்டுமா, விசைக்கு முன்னால் இருக்கவேண்டுமா? குழல் நகரவேண்டுமா, நிலையாக நிற்கவேண்டுமா? ஆஸ்திரியாவின் மான்லிச்சர் 1894-இல் செய்த பிஸ்டலில் பின்பகுதி அசையாமல் நிற்க, குழல் முன்னால் பாயும். ஜெர்மனியில் காகெனாவ் ஊரின் பெர்க்மன் தொழிற்சாலைக்காக லூயிஸ் ஷ்மைசர் வடிவமைத்த ஆரம்பகால பிஸ்டல்களில் காலிக் கூட்டைப் பிடித்து இழுக்கும் கொக்கியே கிடையாது. வாயு அழுத்தம் தானே ஊதித் தள்ளிவிடும் என்று நம்பினார்கள், அதனால் அதன் தோட்டாவில் கொக்கி பிடிக்க விளிம்பும் இல்லை, பள்ளமும் இல்லை, வழவழவென்று இருக்கும். நம்பிக்கை முழுக்கப் பலிக்கவில்லை, பின்னால் கொக்கி வைத்தார்கள். அந்தக் கொக்கியில்லாத பிஸ்டல்தான் இன்று சேகரிப்பாளர்கள் அலைந்து தேடுவது.

நீங்கள் கையில் எடுத்துப் பார்த்ததில் அரியது எது? ஒன்றை மட்டும் சொல்லுங்கள். (வாசகர், கோலாலம்பூர்)

கையில் எடுத்ததில் என்றால் போர்ஷார்ட் சி93. கேள்விப்பட்டதில் என்றால் மார்ஸ். ஒன்று கேட்டீர்கள், இரண்டு சொல்கிறேன், மன்னிக்கவும்.

ஹியூகோ போர்ஷார்ட் ஜெர்மனியில் மாக்டெபர்க் நகரில் பிறந்தவர். அமெரிக்காவில் வின்செஸ்டர், ஷார்ப்ஸ் நிறுவனங்களில் வேலை செய்து, புடாபெஸ்ட் போய், கடைசியில் பெர்லினில் லூட்விக் லோவே நிறுவனத்துக்காக 1893-இல் இதைச் செய்தார். உண்மையிலேயே கணிசமான எண்ணிக்கையில் விற்பனைக்கு வந்த முதல் செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல் என்று இதைத்தான் சொல்லவேண்டும். அப்படியும் மொத்தமே ஏறத்தாழ 3,000. அதன் பூட்டு நம் முழங்கால் மாதிரி. கால் நேராக இருக்கும்போது எவ்வளவு அழுத்தினாலும் மடங்காது, மூட்டை லேசாகத் தட்டினால் உடனே மடங்கிவிடும். சுட்ட கணத்தில் மூட்டு நேராக நின்று வெடிப்பைத் தாங்கும், சற்றுப் பின்னால் போனதும் மூட்டு மேலே உடையும், காலிக் கூடு பறக்கும்.

எங்கள் தெருப் பெரியவர் அவர் நண்பரிடமிருந்து ஒன்றை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வாங்கி வந்திருந்தார், மரத்தாலான தோள்கட்டையோடு. தோள்கட்டையை மாட்டினால் குட்டி ரைஃபிள்போல அழகாகத் தோளில் அமர்கிறது. கழற்றிவிட்டு ஒரு கையில் தூக்கினால்தான் தெரிகிறது சங்கடம். ஒரு கிலோவுக்கு மேல் எடை, பிடி ஏறக்குறைய நடுவில், கடிகாரத்தில் இருப்பதுபோன்ற ஸ்பிரிங்கை வைத்த கொண்டை ஒன்று மணிக்கட்டுக்குப் பின்னால் துருத்திக்கொண்டு நிற்கும். தராசுத் தட்டைக் கையில் பிடித்த மாதிரி இருக்கிறது. ஆனால் அந்த மூட்டை மெல்ல மேலே தூக்கி விட்டால்... 'ளக்' என்று ஒரு சத்தம். 1890-களில் செய்த எஃகு, துளி ஆட்டம் இல்லை. அந்தக் கொண்டையைப் போக்கி, பிடியைச் சாய்த்து, கைக்கு அடக்கமாக்கியவர் கியோர்க் லூகர். 1900-இல் சுவிட்சர்லாந்து ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. உலகத்துக்கு லூகர் பெயர் தெரியும், போர்ஷார்ட் பெயர் தெரியாது. எனக்கு அது இன்றும் வருத்தம்தான்.

மார்ஸ் கதை வேறு. இங்கிலாந்துக்காரர் ஹியூ கேபெட்-ஃபேர்ஃபாக்ஸ், உலகத்திலேயே பலமான பிஸ்டலைச் செய்துவிடவேண்டும் என்று கிளம்பினார், செய்தும் விட்டார். குழல் நீளமாகப் பின்னால் ஓடும், தோட்டாவை மேகசினிலிருந்து பின்பக்கமாக உருவி எடுத்து, தூக்கி, பிறகு முன்னால் தள்ளும். பிரிட்டிஷ் கடற்படை சோதித்துப் பார்த்தது. ஒருமுறை சுட்டவர் எவரும் மறுபடி சுட விரும்பவில்லை என்று சோதனை நடத்திய அதிகாரி எழுதிவைத்தார். அவ்வளவு சத்தம், அவ்வளவு உதை. ராணுவமும் வேண்டாம் என்றது, மனிதர் திவாலானார். செய்யப்பட்டது சுமார் 80 மட்டுமே. தோற்றுப்போனதால்தான் அரிதாயிற்று. ஆனால் அதன் வேலைப்பாட்டைப் பார்த்தவர்கள் அதைத் தோல்வி என்று சொல்ல மாட்டார்கள்.

அப்பத்தாவின் மரப்பெட்டியில் துணியில் சுற்றிய சின்ன பிஸ்டல் ஒன்று கிடைத்தது. ஐயா பர்மாவில் கடை வைத்திருந்தவர். பிடியின் மேல் பிஸ்டல் படமும் எஃப்.என். என்ற எழுத்தும் இருக்கிறது. மதிப்பு என்ன? (பெயர் வேண்டாம், காரைக்குடிப் பக்கம்)

மதிப்பை அப்புறம் பேசலாம். முதலில் சட்டம். இந்தியாவில் 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் அதை வீட்டில் வைத்திருப்பது குற்றம். தாத்தா சொத்து, சுட்டதே இல்லை, துருப்பிடித்துவிட்டது என்பதெல்லாம் தானாக விலக்கு ஆகாது. பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் இனிச் சுடவே முடியாத பழம்பொருளுக்கு அந்தச் சட்டத்தின் 45-ஆவது பிரிவில் விலக்கு உண்டு. ஆனால் உங்கள் பிஸ்டல் அந்த ரகமா என்பதை நீங்களோ நானோ முடிவுசெய்ய முடியாது. ஒரு வக்கீலைக் கையோடு அழைத்துக்கொண்டு, காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ முறைப்படி ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். வாரிசு என்ற முறையில் லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. தயவுசெய்து போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள், எனக்கும் வேண்டாம்.

இனி பிஸ்டல். நீங்கள் சொல்லும் அடையாளம் அமெரிக்கர் ஜான் பிரௌனிங் வடிவமைத்து, பெல்ஜியத்தில் ஹெர்ஸ்டால் ஊரின் எஃப்.என். தொழிற்சாலை செய்த 1900 மாடலுக்குப் பொருந்துகிறது. 7.65 மி.மீ. தோட்டா. பக்கவாட்டில் பார்த்தால் குழல் கீழேயும் அதற்கு மேலே ஸ்பிரிங் இருக்கும் குழாயுமாக இரண்டடுக்காகத் தெரியும், அதுதான் உறுதியான அடையாளம். ஏழு லட்சத்துக்கும் மேல் செய்தார்கள், ஆகவே அரிது என்று சொல்ல முடியாது. ஆனால் மேல்பாகம் சறுக்கி ஓடும் இன்றைய பிஸ்டல்களின் மூதாதை அதுதான். 1909-இல் ஹார்பின் ரயில் நிலையத்தில் கொரியாவின் ஆன் ஜுங்-கின், ஜப்பானின் முன்னாள் பிரதமர் இடோ ஹிரோபூமியைச் சுட்டது இந்த மாடலால்தான். உங்கள் ஐயா அதை ரங்கூனில் வாங்கிய ரசீதோ பழைய லைசென்ஸ் தாளோ அதே பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தத் தாள்தான் பெரிய சொத்து.

'மில்லியன் டாலர் லூகர்' என்கிறார்களே, ஒரு பிஸ்டலுக்கு அவ்வளவா? (வாசகர், சென்னை)

1907-இல் அமெரிக்க ராணுவம் .45 (0.45 அங்குல) அளவில் புதிய பிஸ்டல் தேடிச் சோதனை வைத்தது. லூகர் வழக்கமாக 7.65 அல்லது 9 மி.மீ.தான். இந்தச் சோதனைக்கென்றே .45 தோட்டாவுக்குப் பெரிதாக்கி மிகச் சிலவற்றைச் செய்து கொண்டுபோனார்கள். கோல்ட், சாவேஜ் என்ற அமெரிக்க நிறுவனங்கள் அடுத்த கட்டத்துக்குப் போயின, ஜெர்மானியர்கள் விலகிக்கொண்டார்கள், கடைசியில் 1911-இல் கோல்ட் வென்றது. அந்த .45 லூகர்களில் 2 என்ற எண் போட்டது தப்பிப் பிழைத்தது. ஒரு காலத்தில் பத்து லட்சம் டாலருக்குக் கைமாறியதாகப் பேசப்பட்டு அந்தப் பெயர் வந்தது. 2010-இல் ஏலத்துக்கு வந்தபோது 4,94,500 டாலருக்குப் போனது. பேரில் மில்லியன், ஏலத்தில் அதில் பாதி!

ஆனால் நீங்கள் இதைப் பார்த்து மயங்கவேண்டாம். சாதாரண லூகர்களில்தான் சேகரிப்பின் உண்மையான சுவை இருக்கிறது. ராணுவ லூகரில் வரிசை எண் 10,000 வரை போகும், அப்புறம் எழுத்து சேர்த்து மறுபடி 1-இலிருந்து தொடங்கும், அடுத்த வருடம் பிறந்தால் மறுபடியும் முதலிலிருந்து. ஆக வெறும் எண்ணைச் சொன்னால் எதுவும் தெரியாது. எண், அதன் கீழே உள்ள எழுத்து, மேலே பொறித்த வருடம், செய்த தொழிற்சாலை, நான்கும் சேர்ந்தால்தான் ஒரு பிஸ்டலின் ஜாதகம். அதோடு எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைக் குட்டிக் குட்டி உறுப்புகள் மேலெல்லாம் அடித்திருப்பார்கள். எல்லாம் ஒத்துப்போனால் ஒரு விலை. ஒரு சிறு நெம்புகோல் மட்டும் வேறு எண்ணாக இருந்தாலும் விலை சரசரவென்று இறங்கும். மேகசினும் அதே எண்ணோடு கிடைத்துவிட்டால் அன்று வீட்டில் பாயசம்தான்.

எங்களுக்கு லேத் பட்டறை இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் மைத்துனர் லைசென்ஸோடு வாங்கிய பழைய லூகர் மங்கிப் போயிருக்கிறது. பஃபிங் செய்து புதிதாக நீலம் ஏற்றினால் விலை கூடுமா? (பட்டறை உரிமையாளர், கோவை)

ஐயோ, வேண்டாம்! இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பகுதியையே எழுத ஒப்புக்கொண்டேன்.

உங்களுக்கு உலோகம் தெரியும், அதனால் விவரமாகவே சொல்கிறேன். அந்தக் காலத்து நீலம், தொட்டியில் முக்கி எடுத்த பூச்சு இல்லை. எஃகை மெருகேற்றி, அமிலக் கரைசல் தடவி, மெல்லியதாகத் துருப்பிடிக்க விட்டு, கொதிநீரில் போட்டு, மென்மையான கம்பித் தூரிகையால் தேய்த்து, மறுபடி, மறுபடி என்று பல சுற்று செய்து வரவழைத்த நிறம். விசை, பாதுகாப்பு நெம்புகோல் மாதிரி சின்ன உறுப்புகளைச் சூடேற்றி வைக்கோல் நிறத்துக்குக் கொண்டுவந்திருப்பார்கள். கருநீலத்துக்கு நடுவில் பொன்போல மின்னும். நூறு வருடத்தில் உறையில் உரசிக் குழலின் முனை வெளுத்திருக்கும், கைபட்ட இடம் தவிட்டு நிறமாகியிருக்கும். அந்தத் தேய்மானம்தான் அது யார் யார் கையில் இருந்தது, எப்படி இருந்தது என்று சொல்கிற சாட்சி.

பஃபிங் சக்கரத்தில் ஒருமுறை வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். கூரான விளிம்பு மழுங்கும். திருகு ஓட்டையைச் சுற்றிச் சின்னக் குழி விழும். முத்திரை எழுத்துகள் ஆழம் குறைந்து, சோப்பில் எழுதியது கரைந்த மாதிரி ஆகும். அதன்மேல் எவ்வளவு நல்ல நீலம் ஏற்றினாலும், தெரிந்தவன் சன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை சாய்த்துப் பார்த்தால் போதும். விலை பாதிக்கும் கீழே போகும், பெரும்பாலும். பணத்தை விடுங்கள், போனது திரும்பாது.

செய்யவேண்டியது கொஞ்சம்தான். சிவப்பாகப் பொடி உதிர்கிற துரு இருந்தால் மட்டும் மெல்லிய எண்ணெய் தடவி ஊறவிட்டுப் பருத்தித் துணியால் துடைக்கலாம், பொறுமையாக, பல நாள். தவிட்டு நிறத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் பழைய நிறத்தைத் தொடவேண்டாம். வியர்வையில் உப்பு இருப்பதால் கையுறை போட்டுத்தான் எடுக்கவேண்டும். அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் மெழுகு ஒரு மெல்லிய பூச்சு போதும். தோல் உறை எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்குள்ளேயே பிஸ்டலை வைக்கக் கூடாது, தோல் பதனிட்ட ரசாயனமும் அது இழுத்துவைக்கும் ஈரமும் இரும்பைத் தின்றுவிடும். உறை தனி அலமாரியில், பிஸ்டல் தனி அலமாரியில். கழற்றவேண்டி வந்தால் திருகின் பிளவுக்கு மிகச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவரை நீங்களே அரைத்துச் செய்துகொடுங்கள். மைத்துனருக்கு உங்கள் பட்டறையிலிருந்து அதைவிட நல்ல பரிசு கிடையாது.

போலிகளை எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், நாகர்கோவில்)

ஒரு சம்பவம் சொல்கிறேன். அந்த ஸ்டுட்கார்ட் பெரியவர் ஓர் ஏலத்தில் நீளக் குழல் லூகர் ஒன்றை வாங்கினார். பீரங்கிப் படைக்காகச் செய்தது, குழல் மட்டும் 20 செ.மீ. 'எல்லா எண்ணும் ஒன்று' என்று ஏலப் பட்டியலில் போட்டிருந்தார்கள். எனக்கும் போன் செய்து வரச்சொன்னார். மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்து வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், குழலின் அடியில் வந்ததும் நின்றுவிட்டார். லென்ஸை என்னிடம் தந்தார். அந்த எண்ணில் ஒரு 4 இருந்தது. பிஸ்டலின் உடற்சட்டகத்தில் அடித்த 4-இன் குறுக்குக் கோடு குட்டையாக நிற்கும். குழலில் இருந்த 4-இன் கோடு கொஞ்சம் நீண்டு வெளியே வந்திருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம், ஒரு கடுகளவு. எப்போதோ யாரோ வேறு குழலைப் போட்டு, எண்ணைப் புதிதாக அடித்திருக்கிறார்கள். ஏலக்காரர்கள் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார்கள். அவர் அதை விற்கவில்லை, 'குழல் மாற்றப்பட்டது' என்று தன் கையாலேயே சீட்டு எழுதிக் கட்டி வைத்துக்கொண்டார். அவருக்குப் பின் அது யாரிடம் போனாலும் ஏமாறக் கூடாது என்று.

மௌசரில் அடிக்கடி நடக்கும் போலி வேறு. முதல் உலகப் போரில் ஜெர்மன் ராணுவம் 9 மி.மீ. மௌசர்களை 1,50,000 கேட்டது. வழக்கமான 7.63 தோட்டாவைத் தவறிப் போட்டுவிடக் கூடாது என்று மரப்பிடியில் பெரிதாக 9 என்று செதுக்கிச் சிவப்புச் சாயம் பூசினார்கள். 'ரெட் நைன்' என்பார்கள். ஒரு மரப்பிடியும் உளியும் சிவப்புச் சாயமும் இருந்தால் இதை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம் அல்லவா? அதனால் பிடியைப் பார்த்து வாங்காதீர்கள், குழலையும் ராணுவ முத்திரையையும் பாருங்கள்.

கொல்வதற்காகச் செய்த பொருளை இவ்வளவு ஆசையாக எழுதுகிறீர்களே, மனசுக்குக் கஷ்டமாக இல்லையா? (ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்)

இருக்கிறது அம்மா. வியன்னாவில் ராணுவ வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டை கவ்ரிலோ பிரின்சிப் சுட்ட, முதல் உலகப் போருக்குத் தீப்பொறியான பிரௌனிங் பிஸ்டல் அங்கே இருக்கிறது, எஃப்.என். 1910 மாடல். அதே அருங்காட்சியகத்தில் இளவரசர் அன்று போட்டிருந்த ரத்தக் கறை படிந்த ராணுவ உடுப்பும் அவர் வந்த காரும் இருக்கின்றன. அந்த அறையில் நான் போர்ஷார்டின் மூட்டையோ பிரௌனிங்கின் ஸ்பிரிங்கையோ நினைக்கவில்லை. வெளியே வந்து வெகுநேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மனிதனின் மூளை எஃகில் என்ன செய்தது என்பதில் எனக்கு ஆசை இருக்கிறது, அது என்னவெல்லாம் செய்தது என்பதில் துக்கமும் இருக்கிறது. இரண்டையும் நான் மறைக்கவில்லை. உருக்கி அழித்துவிட்டால் நடந்தது நடக்காமல் போகாது, சாட்சி மட்டும்தான் போகும் என்று நம்புகிறேன்.

நான் டல்லாஸில் இருக்கிறேன். பழைய மௌசர் வாங்கினால் சுட்டுப் பார்க்கலாமா? (வாசகர், அமெரிக்கா)

சுடாதீர்கள் என்பதே என் அபிப்பிராயம். நூறு வருட எஃகும் ஸ்பிரிங்கும் களைத்துப் போயிருக்கும். மௌசரில் சுட்டதும் பின்னால் பாயும் எஃகுக் கட்டையை, அதாவது போல்ட்டை, தடுத்து நிறுத்துவது ஒரு சின்னத் துண்டுதான். அது உடைந்தால் போல்ட் உங்கள் முகத்தை நோக்கித்தான் வரும். இன்னொன்று, ரஷ்ய 7.62 டோக்கரேவ் தோட்டா அளவில் 7.63 மௌசரோடு ஏறக்குறைய ஒன்று, உள்ளே போய்விடும், ஆனால் பலம் அதிகம். அதைப் போட்டு நல்ல பிஸ்டல்களைக் கெடுத்தவர்கள் நிறைய. உங்கள் ஊர்ச் சட்டத்தில் ஒரு வசதி உண்டு: 1898-இலோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கி மத்திய அரசின் கண்ணில் பழம்பொருள். ஆரம்பகால மௌசர்களும் போர்ஷார்டுகளும் அந்தக் கோட்டுக்குள் வருவதால், 1897-இல் செய்ததற்கும் 1899-இல் செய்ததற்கும் விலையில் பெரிய வித்தியாசம். மாநிலச் சட்டத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் சுதந்திரப் போராட்டத்தில் இந்த பிஸ்டல்கள் இருந்தனவா? (வாசகர், புதுச்சேரி)

இருந்தன. 1911 ஜூன் 17, மணியாச்சி ரயில் சந்திப்பில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டலால். 1931-இல் அலகாபாத் பூங்காவில் சந்திரசேகர ஆசாத்தின் கையில் இருந்தது கோல்ட் 1903, இன்றும் அலகாபாத் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

ஆனால் பெரிய கதை கல்கத்தாவில். 1914 ஆகஸ்ட் 26 அன்று ரோடா என்ற துப்பாக்கி வியாபாரக் கம்பெனிக்கு வந்த சரக்கிலிருந்து 50 மௌசர் பிஸ்டல்களும் 46,000 தோட்டாக்களும், அந்தக் கம்பெனி ஊழியர் ஒருவரின் துணையோடு, மாட்டு வண்டியில் ஏறி மறைந்துபோயின. 1918-இல் வந்த அரசாங்க விசாரணை அறிக்கையில் இதை எழுதியிருக்கிறார்கள்: 44 பிஸ்டல்கள் உடனடியாக ஒன்பது புரட்சிக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன, 31 திரும்பப் பிடிபட்டன. அந்த அறிக்கை எழுதியவர்களைக்கூட வியக்கவைத்தது மௌசரின் மரப்பெட்டி. பிஸ்டலை வைக்கும் பெட்டியையே பிடியின் பின்னால் மாட்டினால் அது தோளில் வைத்துச் சுடும் ரைஃபிள் ஆகிவிடும் என்று மெனக்கெட்டு விளக்கியிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் தொழிற்சாலை எண் இருந்ததும், கம்பெனியிடம் அந்தப் பட்டியல் இருந்ததும்தான் எங்கே பிடிபட்டாலும் 'இது ரோடா மௌசர்' என்று அடையாளம் காண உதவியது. பிடிபடாத மிச்சத்தில் ஒன்று எங்காவது ஒரு வங்காள வீட்டுப் பரணில் அதே எண்ணோடு தூங்கிக்கொண்டிருக்குமோ என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

இந்தியாவில் இதையெல்லாம் வாங்க முடியாது. என்னைப் போன்றவன் எப்படித்தான் சேகரிப்பது? (பாலிடெக்னிக் மாணவர், சேலம்)

உண்மைதான், லைசென்ஸ் கிடைத்தாலும் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான் என்று 2019 திருத்தம் சொல்கிறது. 9 மி.மீ. சாதாரண லைசென்ஸில் கிடையவே கிடையாது. அதனால் காகிதத்தைச் சேகரியுங்கள். காப்புரிமை வரைபடங்கள், பழைய கடைப் பட்டியல்கள், ராணுவக் கையேடுகள், தபால் அட்டைகள். பிரௌனிங்கின் அமெரிக்கக் காப்புரிமைகள் எல்லாம் இணையத்தில் இலவசம், ஒவ்வொரு உறுப்புக்கும் எண் போட்டு, வெட்டுமுகத்தோடு, பாடப்புத்தகம் தோற்றுப்போகும் அளவுக்கு வரைந்திருப்பார்கள். ஜெர்மனியில் சேகரிப்பாளர் உரிமம் கேட்டால் 'உன் சேகரிப்பின் தலைப்பு என்ன' என்று முதலில் கேட்பார்கள். நீங்களும் ஒரு தலைப்பு வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் சேர்த்தால் குப்பைதான் சேரும்.

முதல் தலைப்பு வேண்டுமானால் மௌசர் சி96-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஓபெர்ன்டோர்ஃப் ஊரில் மௌசர் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஃபெடர்லே சகோதரர்கள் வடிவமைத்தது, காப்புரிமை மட்டும் முதலாளி பால் மௌசர் பெயரில். அதன் வெட்டுமுகப் படத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். பிடியின் மரத்தை நிறுத்தும் ஒரே ஒரு திருகைத் தவிர அந்த பிஸ்டலில் வேறு திருகே கிடையாது. எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கோத்து, ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும். அதைப் பெரியவர் எனக்குப் பிரித்துக் காட்டிய அன்று எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. உயிரில்லாத ஒரு டம்மி தோட்டாவின் முனையால் அடித்தகட்டின் பொத்தானை அழுத்தினார், தகடு கையில் வந்தது. சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து, அதன் அடியில் இருந்த நாக்கை மேலே தூக்கினார், குழலோடு மேல்பாகம் முழுவதும் பின்னால் வழுக்கி வெளியே வந்தது. அந்தப் படத்தில் எந்தத் துண்டை எடுத்தால் அடுத்தது விடுபடும் என்று பென்சிலால் 1, 2, 3 போட்டுப் பாருங்கள். எனக்கு இரண்டு வாரம் ஆனது. உங்களுக்கு எத்தனை நாள் ஆனது என்று எழுதுங்கள்.